வெளியே போன தண்ணீர்

எங்கள் ரெகுலேட்டருக்கு ஒன்பது கண்.
இரண்டு துருவேறி மூடியபடி நிற்கின்றன.
ஒன்று திறந்தபடியே செத்துப்போனது,
மணல்மூட்டை அடுக்கி வைத்திருக்கிறேன்.
மிச்சம் ஆறு. ஆறுக்கும் நான் ஒருத்தி.

"லஸ்கர் இல்லையா?" என்று கேட்டு வருகிறவர்கள்
என் தலைக்குப் பின்னால் ஆளைத் தேடுவார்கள்.
அவர் போய் நாலு வருஷம்.
கருணை அடிப்படையில் சக்கரம் என் கைக்கு வந்தது.

மேட்டூரில் ஆனியில் பூப்போட்டுத் திறக்கிறார்கள்.
இங்கே வந்து சேர ஆடி பாதி ஆகும், சில வருஷம் ஆவணி.
பூ வருவதில்லை.
மாத்திரை அட்டை வரும், ஒற்றைச் செருப்பு வரும்,
வெங்காயத்தாமரை கூட்டமாக வந்து
ஷட்டர் வாயில் அப்படியே உட்கார்ந்துகொள்ளும்.

கட்டியபோது ஆறு மேலே, கடல் கீழே.
கடல்பக்கத்து அளவுப்பலகையில்
ஐந்தடிக்கு மேல் எண் எழுதவில்லை.
அதற்குமேல் ஏறாது என்று யாரோ நம்பியிருக்கிறார்.
ஐந்துக்கு மேலே நான் சுண்ணாம்பால் கோடிழுக்கிறேன்,
வருஷம் போடாமல்.
மூன்று ஆகிவிட்டது.

கார்த்திகை அமாவாசை. மூன்றாம் நாள் மழை.
பால் கவரில் சுற்றிய போன் இடுப்பில் அதிர்கிறது.
தெட்சிணாமூர்த்தி: "சம்பா முழுகி ரெண்டு நாளாச்சு,
அழுகல் நாத்தம் இங்க வரைக்கும் அடிக்குது, திற."
இறால் குட்டை நெப்போலியன்:
"நல்ல தண்ணிய விட்டேன்னா எல்லாம் செத்து மெதக்கும்.
பதிமூணு லட்சம். உன் பேர்ல எழுதிவைப்பேன்."
உதவிப் பொறியாளர்: "நிலைமைக்கேற்பச் செய்யுங்கள்."

காலனியிலிருந்து யாரும் பேசவில்லை.
காலனி ரெகுலேட்டருக்கு வெளியே இருக்கிறது, கடல்பக்கம்.
மனை கொடுத்தவர்கள் பள்ளம் பார்த்துத்தான் கொடுத்தார்கள்.
முழுகிக் கிடக்கிற சம்பாவை நட்ட கைகள்
அங்கேதான் தூங்குகின்றன.
பயிர் பிழைக்க நான் திறந்தால்
நட்டவள் வீட்டுக்குள் ஆறு போகும்.
என் வீடும் அங்கேதான். நீலச் சுவர், நாலாவது.

ஓதம் வற்றுகிற நேரம் மூன்றரை.
அதற்கு முன்னால் திறந்தால் கடல் உள்ளே வரும்,
விட்டுவிட்டால் அடுத்த வற்றத்துக்குள் பயிர் இல்லை.
அமுதவல்லிக்குப் போன் போட்டேன்.
"திறக்கப் போறேன்."
கொஞ்ச நேரம் மழைதான் கேட்டது.
பிறகு பஸ் விசாரிப்பதுபோல் கேட்டாள்:
"எத்தன மணிக்கு?"

நாலு டார்ச் வெளிச்சம் அசைவது தெரிந்தது.
ரேஷன் அரிசி, ஆட்டுக்குட்டி, குழுக்கடன் பாஸ்புக்
பள்ளிக்கூட மாடிக்கு ஏறின.
பாஸ்புக் நனைந்தாலும் தவணை நனையாது,
வெள்ளிக்கிழமை வசூல்காரன் பேன்ட்டை மடித்துவிட்டு
முழங்கால் தண்ணீரில் நின்று கையெழுத்து வாங்குவான்.

மூன்று நாற்பது.
ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
கரிப்பு இறங்கியிருந்தது.
ஒரு சுற்றுக்கு ஒரு விரற்கடை உயரும் ஷட்டர்.
நூறு சுற்றுக்கு மேல் எண்ணவில்லை.
ஐந்தாவது கண் பாதியில் பிடித்துக்கொண்டது,
கெட்டவார்த்தை சொன்னேன், நகர்ந்தது.

இருட்டில் ஆறு என்னைக் கடந்து போன சத்தம்
லாரிகள் வரிசையாகப் போவதுபோல் இருந்தது.

ரிஜிஸ்டரில் எழுதினேன்:
ஆறு கண், இரண்டடி, மணி 3.40.
வெளியேறிய நீர் எவ்வளவு என்று ஒரு கட்டம் இருக்கிறது.
யார் வீட்டு வழியாக என்று கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் பேர்கள் எழுதினேன்,
இருபத்தேழு பேர், என் பேரைச் சேர்க்காமல்.
பொறியாளர் அழிக்கலாம்.

விடியும்போது அமுதவல்லி வந்தாள்,
இடுப்புவரை சேறு.
வீடு எப்படி என்று நான் கேட்கவில்லை,
பயிர் எப்படி என்று அவளும் கேட்கவில்லை.
"ஓதம் எப்ப திரும்புது?"
"ஒம்போதுக்கு."
சக்கரத்தின் அந்தப் பக்கத்தைப் பிடித்தாள்.
மூட ஆரம்பித்தோம்.